மக்டலீன் அக்காவின் பின்சில்லு

ஏழு பேருக்கு முன்னால் மக்டலீன் அக்கா அந்தச் சில்லை வெட்டிப் போட்டதை, பதினொரு வருடமாகியும் நித்தியானந்தன் மறக்கவில்லை. மறக்க அவனுக்கு விருப்பமும் இருக்கவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. ஜெர்மனியில் ஹம் நகரத்தில் கால்வாய்க்குக் கிட்ட இருக்கிற அந்த நாலுமாடிக் கட்டடத்தின் பின்முற்றத்தில் தமிழ் ஆட்கள் ஏழு பேர் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நித்தியானந்தன் குப்பைக்குப் போகவிருந்த ஒரு சின்னச் சைக்கிளை எடுத்து, மகள் யதுசாவுக்காகத் திருத்திக்கொண்டிருந்தான். பின்சில்லுக் கம்பிகள் முழுக்கத் துருவேறிக் கறள். கறள் எடுக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மனைவி ரஞ்சினி வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரியே பழப்புளியைக் கரைத்து, உப்பும் போட்டு, இரண்டு நாள் குந்தியிருந்து தேய்த்தான். கம்பிகள் பளபளவென்று வந்தன. வெயிலில் பிடித்துச் சுழற்றினால் கண் கூசியது. ஏழு பேரும் பார்க்கட்டும் என்று, துணி காயப்போடுகிற கம்பத்தில் சில்லைக் கொழுவி வைத்திருந்தான்.

மக்டலீன் அக்கா வேலை முடிந்து சைக்கிளில் வந்து இறங்கினார். சமையலறை உடுப்பு இன்னும் மேலில் இருந்தது. சில்லுக்குக் கிட்டப் போய், இது ஆருக்கு என்று கேட்டார். மகளுக்கு என்று நித்தியானந்தன் பெருமையாகச் சொன்னான். அக்கா கம்பிகளின் அடிப்பக்கத்தை, நடுக்குடத்தில் கொழுவுகிற அந்த வளைவை, நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு நிலவறைக்குப் போனார். கம்பி வெட்டுகிற குறட்டோடு திரும்பி வந்தார். சில்லை இறக்கி முழங்காலில் சாய்த்து வைத்து, முப்பத்தாறு கம்பியையும் வெட்டினார். எண்ணிக்கொண்டு வெட்டுகிற மாதிரி, அவசரமே இல்லாமல். வெறும் வளையம் உருண்டு போய்க் குப்பைத்தொட்டியில் முட்டி விழுந்தது. அக்கா குறட்டைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டார். ஏன், எதற்கு என்று ஒரு சொல் இல்லை.

நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு வைத்த பெயர்தான் ‘புளியர்’. அது முற்றத்தோடு நிற்கவில்லை. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனால், சனத்துக்குள் இருந்து யாராவது ஒருவன் கேட்பான்: “என்ன புளியர், தேர்ச்சில்லு மினுக்கியாச்சோ?” மனைவியின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திலும் கேட்டார்கள். ஒருமுறை முன்பின் தெரியாத மனிதன் ஒருவன், புளியர் என்று சொல்கிறது நீங்கள்தானோ என்று மிகுந்த மரியாதையோடு கை கொடுத்தான். அந்தக் கையை நித்தியானந்தன் முறுக்காமல் விட்டது பெரிய விசயம்.

அதற்குப் பிறகு அவன் அக்காவோடு கதைப்பதில்லை. அந்தக் கட்டடத்துக்கு அவன்தான் ஹவுஸ்மைஸ்டர், அதாவது காவலும் கூட்டலும் திருத்தலும் எல்லாம் அவன் வேலை. ஆகவே எதிர்ப்பட்டால் ஒரு ‘குட்டன் மோர்கன்’ சொல்லித்தான் ஆகவேண்டும். அதையும் ஜெர்மன் மொழியில் மட்டும் சொன்னான்.

மக்டலீன் அக்கா யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி. எண்பத்தாறாம் ஆண்டு கிழக்கு பேர்லின் வழியாக வந்து, கணவர் மரியரட்ணத்தோடு ஒரு கிராமத்து அகதி முகாமில் இருத்தப்பட்டார். வேலை செய்ய அனுமதி இல்லை. கடைக்கு ஐந்து கிலோமீற்றர் போகவேண்டும். ஊர்ச்சனம் தங்களுக்கு வேண்டாத சைக்கிள்களை முகாம் வாசலில் கொண்டுவந்து குவித்துவிட்டுப் போகும். ஆண்கள் ஓடக்கூடியதாகப் பார்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். மிஞ்சிய குப்பையை அக்கா பிரித்தார். சொல்லித் தந்தவர் யாருமில்லை. ஒன்றைப் பிரித்துக் கெடுத்தார். அடுத்ததில் அந்தப் பிழையை விடாமல் வேறு பிழை விட்டார். ஆறேழு சைக்கிள் கெட்ட பிறகு, தனிக் கம்பிகளை வைத்து முழுச் சில்லுக் கட்ட அவருக்குக் கை வந்துவிட்டது. ஒரு வருடத்துக்குள் முகாமில் ஓடிய சைக்கிள் எல்லாம் அவர் கை பட்டவைதான். வெளியில் கேட்டால், தாங்களே திருத்தியதாக ஆண்கள் சொல்லிக்கொண்டார்கள். மரியரட்ணமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மரியரட்ணம் இரண்டாயிரத்து நாலில் மாரடைப்பில் போய்விட்டார். மகன் கவிஷனுக்கு அப்போது பதினாலு வயது. அக்கா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். இல்லம் ஊன்ட்றொப் போகிற பக்கம், வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. காலை ஆறுமணிக்கு அடுப்பு மூட்டவேண்டும். முதல் பஸ் அங்கே போய்ச் சேர ஆறரை ஆகும். ஆகவே சைக்கிள். மழை, உறைபனி, தெருவுக்குக் கொட்டுகிற உப்பு எல்லாவற்றுக்குள்ளாலும் இருபது வருடம் ஒரே சைக்கிள். மகன் படித்து முடித்து டார்ம்ஸ்டாட்டில் இஞ்சினியராக இருக்கிறான்.

கட்டடத்துப் பெண்களின் சைக்கிள் பழுதானால் அக்காதான் திருத்திக் கொடுப்பார். திருத்தும்போதே நல்ல ஏச்சும் கொடுப்பார். நன்றி என்று சொன்ன ஒருத்தியைப் பார்த்து, நன்றியை நீயே வைத்திரு, சங்கிலிக்கு எண்ணெய் விடு என்று சொன்னவர். அவருக்கு முன்னால் சிரித்துப் பேச ஆட்களுக்குப் பயம்.

சைக்கிள் வைக்கிற நிலவறை நிரம்பி வழிகிறது என்று ஒரு வசந்தகாலத்தில் வீட்டு நிர்வாகம் நித்தியானந்தனுக்குக் கடிதம் அனுப்பியது. ஓட முடியாத சைக்கிள்களுக்கெல்லாம் சிவப்புப் பட்டி கட்டி, இலக்கம் போட்டு, படம் எடுத்து அனுப்பவேண்டும். நாலு கிழமையில் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். நாற்பத்துமூன்று சைக்கிளில் பதினாறுக்குக் கட்டினான். பதினேழாவதாக நின்றது அக்காவின் சைக்கிள். கட்டையான மண்ணிறச் சட்டம். பின்சில்லில் இரண்டு கம்பி முறிந்து இல்லாமல் போயிருந்தது. மற்றக் கம்பிகள் மாட்டுச்சாணி நிறத்தில் இருந்தன. ஆனால் அது ஒவ்வொரு நாளும் ஓடுகிறது. அதை அவன் தன் கண்ணால் பார்க்கிறான்.

கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கட்டினான். ஒரு முடிச்சுப் போதும், இரண்டு போட்டான். ‘சில்லு கறள் பிடித்தது, ஓடாது’ என்று படத்துக்குக் கீழே எழுதி அனுப்பினான். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அக்கா எப்படி வேலைக்குப் போவார் என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் கட்டியிருப்பான்.

லொறி வர ஒன்பது நாள் இருக்கும்போது அவன் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மக்டலீன் அக்கா. காலடியில் அந்தப் பின்சில்லு. எப்படிக் கழற்றினாரோ, எப்படி மூன்று மாடி தூக்கி வந்தாரோ தெரியாது. சிவப்புப் பட்டியும் சில்லிலேயே தொங்கியது.

“நீ கட்டினது. நீயே கழட்டு,” என்றார்.

அவன் ஜெர்மன் மொழியிலேயே பதில் சொன்னான். பட்டியல் போய்விட்டது, படம் போய்விட்டது, இனித் தன் கையில் ஒன்றும் இல்லை, அலுவலகத்தோடு கதையுங்கள் என்றான். அக்கா தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. பதினொரு வருடமாக அந்தக் கைகளை அவன் கிட்டத்தில் பார்த்திருக்கவில்லை.

“படத்தை ஆர் கேட்டது? சில்லைக் கட்டித் தா. ஓடுற சைக்கிளை அவங்கள் ஏத்த ஏலாது. என்ர கைக்குக் கம்பி திருகிற சாவி பிடிபடாது.”

பிறகு வாசலிலேயே நின்று, யாருடைய கதையையோ சொல்கிற மாதிரிச் சொன்னார். பென்சனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கடைகளில் போய்ப் பார்த்தாயிற்று. அவர் உயரத்துக்குக் கால் எட்டுகிற புதுச் சைக்கிள் எல்லாவற்றுக்கும் கையால் அமத்துகிற பிறேக். அந்த விரல்களுக்கு அமத்த ஏலாது. இந்தப் பழைய சில்லின் குடத்துக்குள்ளேதான், பின்னுக்கு மிதித்தால் நிற்கிற பிறேக் இருக்கிறது. சைக்கிள் இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் வீட்டு வாடகை இல்லை. மகன் டார்ம்ஸ்டாட்டில் தன் வீட்டுப் பின்னறையை ஒழுங்குபண்ணி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். “அங்கை போனா, கதவு திறக்கிறதுக்கும் மருமகளைக் கேக்கவேணும். எனக்கு என்ர கதவு வேணும்,” என்றார். சில்லை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நித்தியானந்தன் கதவைச் சாத்தினான். ரஞ்சினி குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். பட்டி கட்டிய கதை அவளுக்கு அதுவரை தெரியாது.

“அவ ஒரு சில்லைத்தான் வெட்டினவ. நீங்கள் அவவின்ர காலை வெட்டப் பாக்கிறியள்,” என்றாள்.

அவளோடும் சத்தம் போட்டான். தனக்கு இந்த வீட்டிலும் ஆதரவு இல்லை என்றான். புளியர் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தது தனக்குத்தான், அவளுக்கு இல்லை என்றான். எல்லாம் கத்தி முடித்த பிறகு, அடுத்த நாள் பின்னேரம் சில்லைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போனான். அக்கா அங்கே ஒரு பழைய கதிரையில் இருந்தார். வேலைக்கு லீவும் போட்டுவிட்டு, அவன் வருவான் என்று தெரிந்த மாதிரி மேசையில் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கம்பித் தூரிகையை எடுத்து, சில்லில் இருந்தபடியே கம்பிகளை உரஞ்சத் தொடங்கினான். அக்கா நிற்பாட்டச் சொன்னார். எல்லாவற்றையும் கழற்றவேண்டும் என்றார். எதற்கு என்று அவன் கத்தினான். வளைவைப் பார்க்கவேண்டும் என்றார். கம்பி முறிகிறது நடுவில் இல்லை, குடத்தில் கொழுவுகிற அந்த வளைவில்தான். அங்கே நகத்தால் தடவினால் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். நகம் தடக்கினால் கறள் உள்ளே தின்றுவிட்டது என்று அர்த்தம். மேலே எவ்வளவு மினுக்கினாலும் அது பிணம்தான்.

கழற்றினான். கம்பியைப் பிடித்திருக்கிற நிப்பிள்கள் எல்லாம் இறுகிப்போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு, ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் திருகவேண்டியிருந்தது. முப்பத்துநாலு கம்பி மேசையில் கிடந்தது. நகத்தால் தடவி எட்டை எறிந்தான். ஆறுக்கு மட்டும் அக்கா ஓம் என்றார். மற்ற இரண்டையும் திருப்பி எடுத்து, அது வெறும் அழுக்கு, உனக்கு நகம் வெட்டத் தெரியாது என்றார். அவன் நல்லது என்று வைத்ததில் ஒன்றை எறிந்தார். இல்லாத இரண்டோடு சேர்த்து ஒன்பது கம்பி வேண்டும். சிவப்புப் பட்டி கட்டின சைக்கிள்களுக்குள்ளே அதே அளவுச் சில்லு ஒன்றைத் தேடிப் பிடித்து, ஆட்களைக் கேட்டுக் கழற்றி எடுத்தார்கள்.

பிறகுதான் கறள் எடுக்கிற வேலை. தூரிகையை அக்கா தொடவிடவில்லை. கம்பிக்கு மேலே மெல்லிய துத்தநாகப் பூச்சு ஒன்று இருக்கிறது. முரட்டுத்தனமாக உரஞ்சினால் கறளோடு பூச்சும் போய், அடுத்த மழைக்கே திரும்பக் கறள் ஏறும் என்றார். ஆக மெல்லிய கம்பித்தும்பில் எண்ணெய் தொட்டு, கம்பியைத் தும்புக்குள் பிடித்து, நீளவாக்கில் இழுக்கவேண்டும். அதற்கும் போகாத கறளுக்கு, கேத்திலுக்குள் படிகிற சுண்ணாம்பைக் கழுவுகிற புளிப்புத் தூளைத் தண்ணீரில் கலந்து, அதற்குள் போடவேண்டும். இருபது நிமிசம். ஒரு நிமிசம் கூடக் கூடாது. அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுத்த உடனே அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, தலைமயிர் காயவைக்கிற மெசினால் ஈரம் போக ஊதி, சூடு ஆறமுதல் எண்ணெய் பூசவேண்டும்.

“புளிப்புக்குள்ளை கனநேரம் விட்டா இரும்பு வறண்டுபோம். பாக்க வடிவா இருக்கும். பாரம் ஏற முறியும். உப்பு எண்டால் கேக்கவே தேவையில்லை. நிப்பிளுக்குள்ளை போய் இருந்து தின்னும்,” என்றார்.

நித்தியானந்தன் கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தான். பழப்புளி. உப்பு. இரண்டு நாள். கழுவினது ஒரு வாளித் தண்ணீரில், அதுவும் அரைகுறையாக.

“இதை அண்டைக்குச் சொல்லியிருந்தா உங்களுக்கு வாய் தேஞ்சிருக்குமோ?” என்று கேட்டான். பதினொரு வருடத்தில் அக்காவோடு அவன் பேசிய முதல் தமிழ் வசனம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். மற்றதெல்லாம் ஓம், இல்லை, ஏன் என்ற கணக்கில் இருந்தது.

“சொன்னாக் கேட்டிருப்பியோ? எல்லாருக்கும் காட்டவெண்டு தூக்கிக் கொழுவி வைச்சிருந்தனீ. நான் வாயாலை சொல்லிப்போட்டுப் போயிருந்தா, பின்னேரமே பிள்ளையை ஏத்தியிருப்பாய்.”

“பதினொரு வருசமாப் புளியர் எண்டு கேக்கிறன்.”

“அது நான் வைச்ச பேரில்லை.”

“உங்கடை குறட்டாலை வந்த பேர்.”

அக்கா வீங்கின விரல்களை மடியில் வைத்து ஒன்றை ஒன்று நீவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “வெட்டினது சரி. ஆக்களுக்கு முன்னாலை வெட்டினது பிழை. இஞ்சை கீழை கொண்டுவந்து வெட்டியிருக்கலாம். எனக்கும் அண்டைக்கு ஒரு கோவம் இருந்தது. அண்டைக்கே நான் சில்லுக் கட்டத் தொடங்கி இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேலை. நான் கட்டின சில்லை ஒருத்தனும் ஒருநாள் நிண்டு பாத்ததில்லை. நீ புளி போட்டு மினுக்கினதை ஏழு பேர் வாயைத் திறந்துகொண்டு பாத்தவங்கள்.”

நித்தியானந்தன் தும்பை மேசையில் எறிந்துவிட்டு மேலே போய்விட்டான். பிழை என்று ஒருவர் சொன்னால் கோபம் அடங்கும் என்பார்கள். அவனுக்கு இன்னும் கூடியது. பதினொரு வருடம் முழுசாக வைத்திருந்த கோபத்தில் பாதியை அந்த மனுசி பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. யதுசா அந்தச் சில்லில் ஏறி, கால்வாய்ப் பாலத்து இறக்கத்தில் இறங்கியிருந்தால் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதை நினைத்தாலும் அக்கா மேல்தான் கோபம் வந்தது. தன் பிள்ளையைத் தானே சாகக் கொடுக்கப் பார்த்தான் என்பதை இன்னொருத்தி தெரிந்து வைத்திருந்து, பதினொரு வருடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

அடுத்த நாள் அவன் நிலவறைப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. லொறி வர நாலு நாள் இருந்தது.

அன்று பின்னேரம் டார்ம்ஸ்டாட்டில் இருந்து கவிஷன் தொலைபேசி எடுத்தான். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கதைத்தான். மாமா, அம்மா எல்லாம் சொன்னா, உங்களுக்குக் கரைச்சல் தாறா போல என்று தொடங்கினான். அம்மாவின் கையை டாக்டர் பார்த்துவிட்டு வேலையை விடச் சொல்லிவிட்டார். கை வைத்தியத்துக்கு இரண்டு முறை டெர்மின், நாளும் நேரமும் குறித்து, எடுத்துக் கொடுத்தும் அம்மா போகவில்லை. இங்கே நல்ல வெளிச்சமான அறை இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சைக்கிள் போய்விட்டால் அம்மாவுக்கு வேறு வழி இருக்காது.

“நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை மாமா. செய்யாம விட்டாக் காணும்.”

“அம்மாவைக் கேட்டனீரோ?”

“அம்மா எதுக்கு ஓம் எண்டு சொல்லியிருக்கிறா?”

நித்தியானந்தன் தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தான். அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் விடுவதுதான் அவனும் இரண்டு நாளாகச் செய்துகொண்டிருந்தது. ஆனால் அது அவனுடைய கோபம். அவன் அவமானப்பட்டு, அவன் சம்பாதித்த கோபம். அதைக் கொண்டு தன் தாயை வீட்டை விட்டுப் பெட்டி கட்டவைக்க இன்னொருவன் பார்க்கிறான். அதுவும் எவ்வளவு மரியாதையாக. பட்டி கட்டின அன்றைக்குத் தான் செய்தது என்னவென்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கினது இன்னும் ஆத்திரமாக இருந்தது. செருப்பைக் கொழுவிக்கொண்டு நேரே நிலவறைக்கு இறங்கினான்.

அக்கா கதிரையில் இருந்தார். ஒரு கம்பியைச் சின்னவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் எப்படியோ பிடித்துக்கொண்டு, தும்பால் இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் நாலு கம்பி முடித்திருக்கிறார். அவன் கம்பியைப் பறித்துத் தன் கையில் எடுத்தான். மகன் எடுத்தவனோ என்று அக்கா கேட்டார். ஓம் என்றான். என்ன சொன்னவன் என்று கேட்கவில்லை.

இருபத்தேழு பழங்கம்பி, ஒன்பது வேறு கம்பி. கறள் போன இடமெல்லாம் பளபளக்கவில்லை. மங்கின சாம்பல் நிறம்தான். அக்கா அது காணும் என்றார். கொழுவுகிறபோது எத்தனையாவது துளை, எந்தப் பக்கத்தால், எதற்கு மேலே எது என்று அவர் கண்ணால் காட்ட, அவன் கோத்தான். இரண்டு முறை பிழைத்து, இரண்டு முறை திரும்பக் கழற்றினான். கண்ணிருந்தும் குருடன் என்றார் அக்கா. வாயிருந்தால் காணுமோ என்றான் அவன். நெளிவெடுக்கிறபோது கம்பிகளை விரலால் சுண்டச் சொன்னார். சத்தத்தைக் கேட்டே இதை இறுக்கு, அதை அரைச்சுற்றுத் தளர்த்து என்றார். வியாழன் பின்னேரம் சில்லைச் சைக்கிளில் பூட்டினார்கள். அக்கா முற்றத்தில் இரண்டு சுற்று ஓடினார். மூன்றாம் சுற்றில் நேரே அவனை நோக்கி வந்து, பின்னுக்கு மிதித்து, அவன் கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். அவன் அசையவில்லை. அசைந்தால் தோல்வி என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை லொறி வந்தது. நிர்வாகத்து மனிதன் பட்டியலும் தொலைபேசிப் படமும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றுவித்தான். பதினேழாவதுக்கு வந்ததும் படத்தைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான். ஓடுகிறது என்று அக்கா சொன்னார். அவன் சில்லைச் சுழற்றிப் பார்த்து, இப்போது ஓடலாம், ஆனால் குறித்த திகதியில் ஓடாது என்று ஹவுஸ்மைஸ்டர் எழுதியிருக்கிறார், பட்டியலை மாற்றினால் எல்லோரும் வந்து கேட்பார்கள் என்றான். பிறகு நித்தியானந்தனைப் பார்த்து, உங்கள் நாட்டு ஆட்களுக்கு மட்டும் தனிச் சட்டமா என்று சிரித்துக்கொண்டு கேட்டான்.

அந்தச் சிரிப்பு நித்தியானந்தனுக்குச் சரிவரவில்லை. நான் எழுதினது பொய் என்றான். இந்தச் சைக்கிள் அன்றைக்கும் ஓடியது. தினமும் ஓடுகிறது. ஓடுகிறது என்று தெரிந்துகொண்டுதான் பட்டி கட்டினேன், இந்த மனுசியோடு எனக்கு ஒரு கோபம் என்றான். வேண்டுமென்றே செய்தாயா என்று நிர்வாகத்து மனிதன் கேட்டான். யா என்றான். லொறிக்காரர்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பதினேழாவது இலக்கத்தை அந்த மனிதன் வெட்டிவிட்டான். அடுத்த கிழமை நித்தியானந்தனுக்குப் பதிவுத் தபாலில் ‘அப்மானுங்’ வந்தது. இனியொரு பிழை விட்டால் வேலை போகும் என்கிற எச்சரிக்கைக் கடிதம்.

லொறி போன பிறகு, முதல் நாளே தெரியும் என்றார் அக்கா. “முடிச்சு ரெண்டு. வேலைக்குக் கட்டுறவன் ஒண்டுதான் போடுவான்.” நன்றி என்று சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று ரஞ்சினியிடம் மூன்று தரம் சொன்னான்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்தச் சில்லு ஓடியது. கட்டடத்துப் பெண்களின் சைக்கிள் பழுதானால் அக்கா கீழே நின்று நித்தி, இறங்கி வா என்று கூப்பிடுவார். அவன் புறுபுறுத்துக்கொண்டு இறங்குவான். ஆருடைய சைக்கிளுக்கோ நான் ஏன் முழங்கால் தேயவேண்டும் என்று கேட்பான். அவர் பேசுவார், அவன் பேசுவான், சில்லு நேராகும். கோபம் போய்விட்டது என்று சொல்லமுடியாது. தேருக்குப் போனால் புளியர் என்று இன்னும் கூப்பிட்டார்கள். கேட்டால் இன்னும் எரிந்தது.

போன கார்த்திகையில் ஒரு காலை உறைபனி விழுந்திருந்தது. ஆட்கள் வேலைக்கு இறங்கமுதல் பாதைக்குச் சல்லி தூவவேண்டும் என்று நித்தியானந்தன் ஐந்தேகாலுக்கே முற்றத்துக்கு வந்தான். நிலவறைச் சரிவின் மதிலில் அக்கா இருந்தார். சைக்கிள் விழாமல் பக்கத்தில் சாத்தியிருந்தது. ஒரு கை நெஞ்சில். முகம் வேர்த்து, உதடு நீலமாக இருந்தது. இந்தக் குளிருக்குள்ளே வேர்க்கிறதே, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா, மணி அடித்திருக்கக் கூடாதா என்று அவன் அவரைப் பேசிக்கொண்டேதான் அம்புலன்சுக்கு அடித்தான். தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவர் மேல் போட்டான். அக்கா அதைத் தள்ளிவிடப் பார்த்தார். கையில் பலம் இருக்கவில்லை.

பத்து நிமிசத்தில் வந்தார்கள். மத்தியானத்துக்கு முன்னே ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிடும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பென்சனுக்கு ஆறு மாதம் இருந்தது. படுக்கையில் கட்டி ஏற்றுகிற நேரம் அக்கா முகத்தில் இருந்த குழாயை ஒரு பக்கம் இழுத்துவிட்டு, நித்தி என்று கூப்பிட்டார். கதைக்கவேண்டாம் என்று அம்புலன்ஸ்காரி தடுத்தாள். அவளைக் கவனியாமல் அவனைக் கிட்ட வரச் சொன்னார்.

“கிச்சினுக்கு ஒருக்கா அடி. நான் வரப் பிந்தும் எண்டு சொல்லு. வரமாட்டன் எண்டு சொல்லிப்போடாதை.”